கம்பை வச்சிட்டுப் போ

சேரிப் பையன் கையில் கம்பு இருந்தால் போலீஸ் கண்ணுக்கு அது ஆயுதம். அதே கம்பு 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சிப் போட்டியாகச் சேர்ந்ததும் 'தமிழர் மரபு' ஆகிவிட்டது. நல்லது. சாவுக்கும் சாமிக்கும் பறைக்கு முன்னால் கம்பு சுற்றிய கால்கள் எந்தத் தெருக் கால்கள் என்று யாராவது கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிற எங்கள் காலனியில் ஒரு வாத்தியார் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கம்பு வாத்தியார். பகலெல்லாம் கரும்பு வெட்டு, ராத்திரி களத்துமேட்டில் பையன்களுக்குப் பழக்குவது. காசு வாங்கமாட்டார். எனக்குப் பெரியப்பா முறை. மூங்கில் கொண்டுவந்து தருகிறவர் மலையில் இருக்கிற அவருடைய சினேகிதர். 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. கூலியில்லாமல் வேலை செய்த கதையை அவர் சொல்ல, இவர் பண்ணைக் கதையைச் சொல்ல, விடிந்துவிடும்.

அந்தப் பையனை அவன் அம்மாதான் இழுத்துவந்தாள். பத்தாவதில் கூடப் படிச்சவன் சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிட, இவன் அவன் மூக்கை உடைத்துவிட்டான். கூப்பிட்டவனுக்கு அறிவுரை, இவனுக்கு டி.சி. அப்பன் சாராயத்தில் போனவர். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானபோதுதான் நாடு எங்கள் பக்கம் திரும்பியது. அதற்கு முன்னாடி ஒவ்வொருத்தராகச் செத்தார்கள், செய்தியாகவில்லை. பையன் வீட்டில் சோத்துத் தட்டை வீசுவான், கதவை உதைப்பான். "நீங்களே வச்சிக்குங்கண்ணே, எனக்கே பயமா இருக்கு" என்றாள்.

மூணு மாசம் அவனைக் கம்பைத் தொடவிடவில்லை. காலடி மட்டும். "கை ஓடறதுக்கு முன்னாடி காலு நிக்கணும்டா." பையன் ரெண்டு தடவை கோபித்துக்கொண்டு போனான், ரெண்டு தடவையும் தானாக வந்தான். அப்புறம் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. நுனியில் கரியைத் தடவித் தொடு விளையாட்டு. "தொட்டாப் போதும். அடிச்சா நீ தோத்த." முதல் வாரமே இன்னொருத்தன் முழங்கையை வீங்க வைத்தான். வாத்தியார் கை நீட்டவில்லை. பத்து நாள் அந்த வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவிவிட்டு வா என்றார். போனான். எலும்பை முறிக்கிற வேகத்தில் வந்த கம்பு தோலுக்கு ஒரு விரக்கடை முன்னால் நின்றதை ஆறு மாசம் கழித்து நான் பார்த்தேன்.

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. கனியாமூர் பள்ளி மாணவியின் சாவுக்கு நியாயம் கேட்டுக் கூட்டம் திரண்ட நாள். எல்லார் செல்போனிலும் செய்தி ஓடியது. பையன்கள் கிளம்பினார்கள். வாத்தியார் தடுக்கவில்லை. "போறவன் போ. கம்பை வச்சிட்டுப் போ" என்றார். கம்பில்லாமல் போவதா என்று இவன் முறைத்துக்கொண்டு நின்றான், போகவில்லை. பஸ்கள் எரிந்தன, நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கைதானார்கள். போனவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. செத்தது ஒரு பெண்பிள்ளை, கேட்ட கேள்வி நியாயம். ஆனால் கேள்வி எங்கேயோ போய், எங்கள் பக்கத்துப் பையன்கள் கையில் வழக்குதான் மிஞ்சியது.

அடக்கம் வேறு, அடங்கிப்போவது வேறு. கூட்டங்களில் நான் முகமது அலி கதையைச் சொல்வதுண்டு. 1954-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் 12 வயசுக் கறுப்புப் பையனின் சைக்கிள் திருடுபோனது. திருடனை நொறுக்குவேன் என்று குதித்தவனிடம் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர் (வெள்ளைக்காரர்தான்) முதலில் சண்டை போடக் கத்துக்கொள் என்று சொல்லிக் குத்துச்சண்டை பழக்கினார். 1964-ல் அவன் உலகச் சாம்பியன். 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றான். பட்டத்தைப் பறித்தார்கள், மூன்று வருஷத்துக்கு மேல் மேடையேற விடவில்லை. உலகத்திலேயே பலமான கை, யாரை அடிக்கக்கூடாது என்பதைத் தானே முடிவு செய்தது.

போன வருஷம் ஊர்த்தெருவில் நம்ம பையனின் வண்டியை மறித்து இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகச் சொன்னார்கள். சட்டையைப் பிடித்தார்கள், கன்னத்தில் அறைந்தார்கள். அவன் இறங்கவுமில்லை, அடிக்கவுமில்லை. எனக்குப் போன் போட்டான். "அக்கா, கை நடுங்குது, சீக்கிரம் வாங்க."

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால் மறுநாளே எதிர்ப்புகார் வரும் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். அவனும் அடித்தான் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தன் படுத்துக்கொள்வான், கடைசியில் சமாதானம் பேசி ரெண்டையும் முடிப்பார்கள். இந்தத் தடவையும் எதிர்ப்புகார் வந்தது. டி.எஸ்.பி. விசாரணையில் காட்ட அவர்களிடம் ஒரு கீறல்கூட இல்லை.

வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்குப் போய்வந்த அன்றைக்கும் ராத்திரி களத்துக்கு வந்துவிடுகிறான். வாத்தியாருக்கு இப்போது முட்டிவலி. சின்னப் பையன்களுக்குக் காலடி சொல்லிக்கொடுப்பது அவன்தான். மூணு மாசம், கம்பில்லாமல்.