மேசைக்கு அந்தப் பக்கம்

ரொறன்ரோவில் வசந்தம் வடிவாக வருவதில்லை. மார்ச் முடிகிற நேரம் தெருவோரத்தில் கறுத்துப்போய்க் கிடக்கும் பனிக்குவியல் கரையத் தொடங்கும். அதற்குள்ளிருந்து நாலு மாதக் குப்பையும், யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறைகளும் வெளியே வரும். றோட்டில் கொட்டிய உப்பு சப்பாத்தில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். ஒரு நாள் வெயில் எறிக்கும். அடுத்த நாள் திரும்பவும் பனி கொட்டும். ஸ்காபரோ தொடர்மாடிகளில் குடியிருந்த எங்கள் சனத்துக்குக் காலம் மாறியதற்கு அடையாளங்கள் இரண்டு. ஒன்று, அம்மாமார் பல்கனியில் மிளகாய் காயப்போடுவது. மற்றது, கூடைப்பந்து பிளேஓஃப்.

கனடாவின் ஆட்டம் ஐஸ் ஹொக்கி என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அதற்குச் சறுக்குச் சப்பாத்து வேண்டும், ஹெல்மெற் வேண்டும், உடம்பு முழுக்கக் கவசம் வேண்டும். விடிய ஐந்து மணிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போக ஒரு அப்பாவும் வேண்டும். எங்கள் அப்பாமார் அந்த நேரத்தில்தான் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புவார்கள். கூடைப்பந்துக்கோ ஒரு பந்து போதும். தொடர்மாடிக்குப் பின்னால் வலை அறுந்த ஒரு வளையம் இருந்தது. அதைச் சுற்றி எந்நேரமும் பத்துப் பொடியள் நிற்பார்கள். இந்த ஆட்டத்தை 1891இல் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோவின் அல்மொன்ற் என்ற சிற்றூரில் பிறந்தவர் என்று ஒரு ஆசிரியர் சொன்னபோது, ஏதோ எங்கள் ஊர்க்காரர் செய்த காரியம்போல எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

ரொறன்ரோவின் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி 1995இல்தான் தொடங்கியது. ‘ஜுராசிக் பார்க்’ படம் வந்து இரண்டே வருடம். அதனால் ஊதா நிறச் சட்டையில் பந்து தட்டுகிற ஒரு டைனோசர். “இதென்ன, ஓணானை நெஞ்சில ஒட்டிக்கொண்டு திரியிறியள்?” என்று அப்பா கேட்பார். அவர் கிரிக்கெட்காரர். அணியும் புதிது, நாங்களும் புதிது. மற்ற அணிகளுக்குத் தாத்தா காலத்துக் கதைகள் இருந்தன. இதற்கு ஒன்றும் இல்லை. முதல் நாளிலிருந்து கூட இருந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கும் இந்த நாட்டில் ஒன்று கிடைத்தது.

1998இல் வின்ஸ் கார்ட்டர் அணிக்கு வந்தார். 2000 பெப்ரவரியில் ஓக்லண்டில் நடந்த, பந்தை வளையத்துக்குள் குத்தி இறக்கும் டங்க் போட்டியில் அவர் பறந்து போய், கை முழங்கை வரை வளையத்துக்குள் விட்டுத் தொங்கியதைப் பார்த்த பொடியள் திங்கட்கிழமை வகுப்பறைக் குப்பைக்கூடையில் அதைச் செய்துபார்த்தார்கள். ஆனால் எங்கள் பொடியளின் மனதுக்குள் இருந்த ஆள் வேறு. மக்ஸி போக்ஸ், உயரம் 5 அடி 3 அங்குலம். அவர் ராப்டர்ஸ் சட்டையில் ஓடியது கொஞ்சக் காலம்தான். தமிழ்ப் பொடியள் கூடைப்பந்து ஆட ஏலாது என்று யாராவது சொன்னால் அவருடைய பெயரைத்தான் எடுத்து வீசுவார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன 1999இல் ஒன்ராறியோ அரசு புது விதி கொண்டுவந்தது. உயர்பள்ளிச் சான்றிதழ் வேண்டுமென்றால் 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். எங்கே, எத்தனை மணித்தியாலம், யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தொண்டுக்கும் கணக்கோ?” என்றார்.

பத்தாம் வகுப்பில், அதாவது 2001 வசந்தத்தில், நான் போன இடம் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற். அந்த நகரத்தில் அப்போது ‘அவுட் ஒஃப் த கோல்ட்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. சூசன் மொரன் என்ற கன்னியாஸ்திரியும் பள்ளி மாணவர்களும் 1987இல் தொடங்கிவைத்தது. குளிர்காலத்தில் வீடில்லாதவர்களுக்குத் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் கிழமையில் ஒரு இரவு கதவைத் திறந்து, சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தன. ஏப்ரலோடு படுக்கைகளை மடித்து வைத்துவிடுவார்கள். நான் போன இடத்தில் அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். குளிர் போனால் பசியும் போய்விடுமா என்ன?

பெட்டையைத் தனிய அனுப்ப ஏலாது என்று அம்மா மேல்மாடி மாமியைத் துணைக்கு அனுப்பினார். மாமி தொண்டைமானாற்றுக்காரர். அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற செல்வச்சந்நிதி முருகனின் மடத்துக் குசினியில் புழங்கி வளர்ந்தவர். முதல் கிழமை கதிரை போட்டுச் சுவரோரம் இருந்தார். இரண்டாம் கிழமை எழும்பி வந்து, உருளைக்கிழங்கு வெட்டுகிறவர்களை ஒருக்கால் பார்த்தார். கத்தியை வாங்கினார். அதற்குப் பிறகு அந்தக் குசினி அவருடையது. தலைக்கு வலையும் கைக்குப் பிளாஸ்ரிக் உறையும் போடச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் முறைத்தார். சூப்புக்குள் மிளகாய்த்தூள் போடக்கூடாது என்பது அங்கத்தைச் சட்டம். மிளகு போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

என் வேலை பாணுக்கு மாஜரின் பூசுவதும், பிறகு சூப் ஊற்றுவதும். நீளமான மேசை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தட்டோடு வரிசை. அகப்பையை அடிவரை விட்டுக் கிண்டி எடுத்தால் கிழங்கும் இறைச்சியும் வரும். மேலாக அள்ளினால் தண்ணிதான் வரும். வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அகப்பையைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் நான் ஒருவரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று மரியாதைக்குக் கேட்டேன். மாமி தமிழில் மெதுவாகச் சொன்னார்: “பந்தியில இருக்கிறவனிட்டை ஊர் பேர் கேக்கக் கூடாது, பிள்ளை. சோத்துக்குப் பதில் சொன்னமாதிரிப் போயிடும்.” சந்நிதி மடத்தில் எல்லோருக்கும் ஒரே தரை, ஒரே இலை. பரிமாறியவரும் பிறகு அதே தரையில் இருந்துதான் சாப்பிடுவார். இங்கே இந்த மேசை எதற்கு என்று மாமிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த வசந்தத்தில்தான் ராப்டர்ஸ் முதன்முறையாக ஒரு பிளேஓஃப் தொடரை வென்றது. நியூயோர்க்கை 3-2. அடுத்தது பிலடெல்பியா. அவர்களிடம் அலன் ஐவர்சன். அந்த வருடத்தின் மிகச்சிறந்த வீரர். இரண்டாவது ஆட்டத்தில் அவர் 54 புள்ளி எடுத்தார். மூன்றாவதில் கார்ட்டர் 50. ஐந்தாவதில் ஐவர்சன் திரும்ப 52. இரண்டு பேர் ஆள்மாறி ஆள் சவால் விடுவதை ரொறன்ரோவே பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் பக்கத்து ஆளிடம் “நேற்றுப் பார்த்தியா?” என்று கேட்பான். எதைப் பார்த்தது என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் நிறத்தையும் உச்சரிப்பையும் தாண்டி யாரும் முதலில் கேட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

தொடர் 3-3 என்று நின்றது. ஏழாவது ஆட்டம் மே 20, ஞாயிற்றுக்கிழமை. விக்ரோரியா தின நீண்ட வாரவிடுமுறை. தொண்டர்கள் பாதிப்பேர் ஊரில் இல்லை. சாப்பிட வந்தவர்கள் வழமைபோல வந்திருந்தார்கள். பிரிட்ஜுக்கு மேலே ஒரு பழைய ரேடியோ. அதன் அன்ரெனாவில் யாரோ அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டார்கள்.

வழக்கமாக வருகிற ஒரு கிழவர் இருந்தார். ஒரு காலத்தில் ரயிலில் வேலை செய்தவர் என்று அவராகவே சொல்லியிருக்கிறார். அவர் அன்றைக்குச் சூப்பை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, கடுதாசி நப்கினை விரித்து நடுவே பென்சிலால் கோடு கிழித்தார். ஒரு பக்கம் ரொறன்ரோவின் முதலெழுத்து, மறுபக்கம் பிலடெல்பியாவின் முதலெழுத்து. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு சின்னக் கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டு. பென்சில் நப்கினைக் கிழிக்காதபடி, சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி எழுதுவார். ரேடியோ இரைந்தால் ஆட்கள் அவரிடம்தான் கணக்குக் கேட்டார்கள். மூன்றாம் கால்பகுதி முடிய அவருடைய மேசையைச் சுற்றிக் கூட்டம். அகப்பையை வைத்துவிட்டு நானும் போனேன். பொறுப்பாளரும் வந்தார். தட்டுக் கழுவுகிற பொடியனும் ஈரக்கையோடு வந்தான். மேசைக்கு இந்தப் பக்கம் யாருமே இல்லை. எல்லோரும் அந்தப் பக்கம், ரேடியோவைப் பார்த்தபடி.

அந்த ஒரு மணித்தியாலம் எனக்குக் காட்டித் தந்ததை வேறு எந்தத் தொண்டும் காட்டவில்லை. கொடுக்கிறபோது, எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும், இரண்டு பக்கம் இருக்கும். ஒரு அணிக்காகக் கத்துகிறபோது ஒரே பக்கம்தான். அங்கே யாரும் யாருக்கும் எதையும் தரவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று தேவைப்பட்டது.

ஒரு புள்ளி பின்னால். இரண்டு செக்கன் மிச்சம். பந்து கார்ட்டரின் கைக்குப் போனது. எறிந்தார். வளையத்தின் பின்விளிம்பில் பட்டு வெளியே போனது. 88-87. கிழவர் கடைசிக் கோட்டுக்கு வைத்திருந்த பென்சிலைக் காதில் செருகினார். “என்னவாம்?” என்று மாமி கேட்டார். தோற்றுப்போனோம் என்றேன். “அப்ப கேக்கை எடு” என்றார்.

கேக் சாப்பிட்டுக்கொண்டே சண்டை தொடங்கியது. கார்ட்டர் அன்றைக்குக் காலையில்தான் வட கரோலினாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்புக்குப் போய்விட்டு, அங்கிருந்து ஆட்டத்துக்குப் பறந்து வந்திருந்தார். ஏழாவது ஆட்டத்தன்று பட்டம் வாங்கப் போவானா ஒருவன் என்று அந்த அறையில் பாதிப்பேருக்குக் கோபம். நகரம் முழுக்க அதே கோபம். ஒரே ஒரு சமூகம் மட்டும் கார்ட்டர் பக்கம் உறுதியாக நின்றது என்று நினைக்கிறேன். பஸ்ஸில் நான் விஷயத்தை விளங்கப்படுத்தியதும் மாமி சொன்னார்: “பட்டம் எடுக்கப் போன பிள்ளையை ஏசுறதோ? தாய்க்காரி எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா!” வீட்டில் அப்பாவும் அதே தீர்ப்பு. பந்து பிறகும் எறியலாம், படிப்பு முக்கியம். ஓணான் அணியைப் பற்றி அப்பா நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அந்தப் ‘பிறகு’ வரக் கனகாலம் எடுத்தது. 2004 டிசெம்பரில் கார்ட்டர் நியூ ஜேர்ஸிக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் எந்தச் சட்டையில் வந்தாலும் ரொறன்ரோ அரங்கு ‘பூ’ என்று கத்தியது. 2014இல் அவருக்காக ஒரு காணொளி போட்டபோது சனம் எழும்பி நின்று கைதட்டியது, அவர் அழுதார். 2024 நவம்பரில் அவருடைய 15ஆம் இலக்கச் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றினார்கள். ராப்டர்ஸ் வரலாற்றில் அந்த மரியாதை பெற்ற முதல் ஆள். அணியோ, 2001க்குப் பிறகு அடுத்த பிளேஓஃப் தொடரை வெல்ல 15 வருடம் பிடித்தது.

2019 மே 12. அதே பிலடெல்பியா, அதே ஏழாவது ஆட்டம், திரும்பவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்னையர் தினம் என்று அம்மாவுக்குச் சமைத்துப்போட்டுவிட்டுப் பெரிய திரையின் முன்னால் இருந்தோம். கடைசிச் செக்கனில் கவாய் லெனர்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. 92-90. நாங்கள் கத்திய சத்தத்தில் அம்மாவின் தேத்தண்ணி கொட்டியது. ஒரு நிமிடத்தில் தொலைபேசியில் உறவுகளின் செய்திகள் குவிந்தன. மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று அவரவர் அவரவர் வீட்டில், அவரவர் திரைக்கு முன்னால். ஜூன் 13இல் கிண்ணமும் வந்தது. அந்த அணியும் இன்றில்லை. லெனர்ட் அந்தக் கோடையிலேயே போனார். லவ்ரி, வான்வ்லீற், அனுநோபி, சியாகம் என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

மாமி காலமாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்றுவிட்டது. ஆனால் 40 மணித்தியாலச் சட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. போன வசந்தத்தில் அண்ணாவின் மகள் படிவத்தோடு வந்து, எங்கே போனால் நல்லது என்று கேட்டாள். இடம் எதுவானாலும் சரி, ஆட்டம் கேட்க ரேடியோ உள்ள குசினியாகப் பார் என்றேன். “ரேடியோவா?” என்று சிரித்தாள். சரி, தொலைபேசியாவது சத்தமாகப் போடக்கூடிய இடமாகப் பார், அதைக் காதுக்குள் மட்டும் செருகிக்கொண்டு நிற்காதே என்றேன்.