படத்தின் குறைவும் பாட்டின் நடையும்

ஜப்பானியச் சித்திரப்படத் துண்டுகளை வேறொரு பாட்டுக்கு இசையப் பொருத்தும் கலையை, 1982-இல் அமெரிக்கரான ஜிம் கபோஸ்டாஸ் இரண்டு வீடியோப் பெட்டிகளைக் கொண்டு தொடங்கினார் என்பர். சென்ற விடுமுறையில் யாமும் அதில் இறங்கினோம். எடுத்துக்கொண்டது இசாவோ தகாஹாட்டாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988). 1945-இல் கோபே நகரம் குண்டுத்தீயில் வேகும் காட்சிகளே அதில் விரைவுடையவை. ஆயினும், எம் சூலக்கரையில் அதனைக் காணவிருந்தவள், பட்டாசுச்சாலை விபத்தொன்றில் தமையனை இழந்த அண்டைவீட்டுச் சிறுமி. ஆதலின் நெருப்பு ஒன்றையும் சேர்ப்பதில்லை எனத் துணிந்தோம். எஞ்சியது எண்பது விநாடி. பாட்டோ நான்கு நிமிடம்!

மெதுவாக ஓட்டினால் நீளுமே எனலாம். நீளும், ஆனால் நொண்டும். சித்திரப்படத்தில் ஒரே சித்திரம் இரண்டு மூன்று சட்டகங்களுக்கு அசையாது நிற்பதன்றோ? ஆகவே தாளந்தோறும் காட்சி மாற்றும் ஆசையை விடுத்தோம். பல்லவி மீளுந்தோறும், கொசுவலைக்குள் மின்மினி பறக்கும் காட்சியையே மீட்டோம். பாட்டே திரும்புதலால் கண் சலிக்கவில்லை. சரணங்களில், அசையா முகமொன்றின்மீது பார்வையை மெல்ல நகர்த்தினோம். இடையிசையிலும் சிறிது கத்தரித்தோம், இசைவாணர் பொறுப்பாராக.

சிறுமி முழுவதும் பார்த்தாள். தங்கை மிட்டாய்த் தகரடப்பாவைக் குலுக்கும் இடத்தை மட்டும் இன்னொருமுறை போடச் சொன்னாள்.