புல்லுக்கும் ஒரு பங்கு

சேலம் மாவட்டம் மேச்சேரிப் பக்கம், செம்மண் மேட்டில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் மானாவாரிக் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே நாலைந்து வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அவர்களிடம் இருந்த 20 மேச்சேரி ஆடுகளுக்கு அதுதான் மேய்ச்சல்.

2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்துபோனது. தை பிறந்தபோது காடு முழுக்கப் பழுப்பு. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் பாதி ஆடுகளைச் சந்தையில் விற்றார்கள்.

“செத்த புல்லை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? உழுதுட்டு, போர் போட்டு கம்பு நேப்பியர் வெச்சுடலாம்” என்றார் மகன்.

அம்மா ஒரு தூரின் அடிக்கணுவை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. “சாகல கண்ணு. வாயை மூடிக்கிட்டுக் கெடக்குது.”

அது உண்மைதான். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கரியமில வாயு உள்ளே போவதும் நீர் ஆவியாக வெளியேறுவதும் அவற்றின் வழியேதான். கம்பு, சோளம், கொழுக்கட்டைப் புல் ஆகியவை கரியமில வாயுவை இலைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் வகை. அதனால் துளையைக் கொஞ்சம் திறந்தாலே போதும். நெல்லைவிடக் குறைந்த நீரில் வளரும். ஈரம் வற்றினால் துளையை மூடி, இலையைக் காயவிட்டு, தூரில் உயிரை வைத்துக்கொள்ளும்.

காற்றில் கரியமில வாயு கூடும்போது இந்தச் சிக்கனமும் கூடுகிறது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலப் புல்வெளியில் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்கள். வெப்பத்தால் மண் இழந்த ஈரத்தை இந்தச் சிக்கனம் ஈடுகட்டியது என்று 2011-ல் தெரியவந்தது. இந்த வகைப் புல் அங்கே நன்றாகவும் வளர்ந்தது. ஆனால், மழையே பொய்த்தால் மிச்சம் பிடிக்க மண்ணில் எதுவும் இருக்காது. காற்று சூடாகச் சூடாக, மூடாக்கு இல்லாத வெறும் மண்தான் முதலில் காயும்.

மகன் அந்த வருஷம் உழவில்லை. அடுத்த ஆவணியில் மழை இறங்கியதும் காடு பச்சை கட்டியது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மட்டும் சொட்டை. அங்கே ஆடுகள் வேர்வரை கரம்பியிருந்தன. தூரில் மிச்சம் இருந்த இடம் துளிர்த்தது. இல்லாத இடம் துளிர்க்கவில்லை. சொட்டையில் விதை தூவி, ஆடு மிதிக்காமல் முள் அடைத்தார்கள்.

பிறகு காட்டை மூன்றாகத் தடுத்தார்கள். மழைக்குப் பின் ஒரு பாகத்தில் புல் பூத்து விதை உதிரும்வரை ஆடு இறங்காது. மற்ற பாகங்களிலும் நான்கு விரல் உயரம் புல் நிற்கும்போதே ஆட்டை மாற்றிவிடுவார்கள். அந்தத் தாள் மண்ணுக்கு நிழல், மறுதுளிர்ப்புக்கு முதல்.

இப்போது படலைத் திறந்து ஆட்டை மாற்றுவது மகன்தான். “இன்னும் புல்லு நிக்குதேப்பா?” என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டால், “அது புல்லோட பங்குங்க” என்கிறார்.