நகல்கள் போய்ச் சேர்ந்தன... அசல் இன்னும் ஓடுகிறது! கோனி ஐலண்ட் 'சைக்ளோன்' கதை

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மெட்ரோ ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சுரங்கத்துக்குள் ஓடிய ரயில், புரூக்ளின் பகுதியில் வெளிச்சத்துக்கு வந்து மொட்டைமாடிகளின் உயரத்தில் ஓட ஆரம்பிக்கும். கடைசி நிறுத்தம் ஸ்டில்வெல் அவென்யூ. இறங்கினால் உப்புக் காற்று, 1916-லிருந்து இருக்கும் 'நேதன்ஸ்' ஹாட்டாக் கடையின் வாசனை, தூரத்தில் கூட்டமாக ஓர் அலறல்.

அந்த அலறல் வரும் இடம்தான் 'சைக்ளோன்' ரோலர் கோஸ்டர். 1927-ம் ஆண்டு ஜூன் 26-ல் ஓடத் தொடங்கியது. தாத்தா ஏறிய அதே ராட்சதன் மீது இன்று பேரன் ஏறுகிறான்.

இந்தக் காலத்து ரோலர் கோஸ்டர்களோடு ஒப்பிட்டால் 85 அடி உயரம் ஒன்றுமே இல்லைதான். 24 பேர் அமர்ந்த மூன்று பெட்டிகளை ஒரு சங்கிலி 'கடக்... கடக்...' என்று மேலே இழுத்துப்போகும். உச்சியில் ஒரு கணம் அட்லாண்டிக் கடல் தெரியும். ரசிப்பதற்குள் சங்கிலி விட்டுவிடும். அதற்குப் பிறகு மோட்டார் கிடையாது. மிச்சம் எல்லாம் புவியீர்ப்பு விசையின் வேலை. மணிக்கு 60 மைல் வேகம், 12 பள்ளங்கள்... இரண்டு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தாங்கி நிற்கும் சட்டங்கள் இரும்பு. தண்டவாளத்துக்கு அடியில் இருப்பது அடுக்கடுக்கான மரப்பலகைகள். மரம் கொஞ்சம் நெளியும், கொஞ்சம் குலுங்கும். புது இரும்பு கோஸ்டர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போகும். சைக்ளோன், குண்டும் குழியுமான ரோட்டில் பிரேக் பிடிக்காத பஸ் மாதிரி! இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குபவர்களும் உண்டு. அந்தக் குலுக்கலுக்காகவே கடைசிப் பெட்டிக்குக் காத்திருப்பவர்களும் உண்டு.

ரோலர் கோஸ்டருக்கு இந்தக் கடற்கரை பிறந்த வீடு மாதிரி. லமார்க்கஸ் தாம்ஸன் என்பவர் 1884-ல் இங்கே 'ஸ்விட்ச்பேக் ரயில்வே' என்ற ஒன்றைக் கட்டினார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு 6 மைல். சைக்கிளில் போகிறவர் ஓவர்டேக் செய்துவிடலாம். ஆனாலும் கூட்டம் அலைமோதியது. அடுத்த 40 ஆண்டுகளில் கோஸ்டர்கள் வரிசைகட்டின. 1920-களில் தண்டர்போல்ட், டொர்னாடோ, சைக்ளோன் என்று மூன்று ஜாம்பவான்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பிறகு காலம் மாறியது. கார்கள் பெருகின, புறநகர்கள் வளர்ந்தன. கோனி ஐலண்டுக்குக் கூட்டம் குறைந்தது. 1897-ல் தொடங்கிய 'ஸ்டீபிள்சேஸ் பார்க்' 1964-ல் மூடப்பட்டது. அந்த இடத்தை வாங்கியவர் ஃபிரெட் ட்ரம்ப். ஆமாம், டொனால்டு ட்ரம்ப்பின் அப்பாதான். 1966-ல் அந்தப் பூங்காவின் கண்ணாடி மண்டபத்தை இடிப்பதற்கு அவர் ஒரு பார்ட்டியே வைத்தார். வந்த விருந்தினர்கள், பூங்காவின் அடையாளமான சிரிக்கும் முகம் வரைந்த கண்ணாடி மீது செங்கல் எறிந்தார்கள். இடிப்பதற்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். பார்ட்டி எதற்கு?

அடுத்த குறி சைக்ளோன். அந்த இடத்தை நியூயார்க் நகர நிர்வாகம் 1969-ல் வாங்கியது. பக்கத்தில் இருந்த மீன் காட்சியகத்தை விரிவாக்க, கோஸ்டரை எடுத்துவிடலாம் என்று திட்டம். 'சைக்ளோனைக் காப்பாற்றுங்கள்' என்று ஊர்க்காரர்களும் கடைக்காரர்களும் குரல் கொடுத்தார்கள். கடைசியில், பக்கத்தில் இருந்த 'ஆஸ்ட்ரோலேண்ட்' பூங்கா குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்த்தது. 1975 ஜூலையில் மீண்டும் ஓடியது.

இங்கேதான் கதையில் ஒரு சுவாரஸ்யமான திருப்பம். டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் இருந்த 'ஆஸ்ட்ரோவேர்ல்டு' பூங்கா, சைக்ளோனையே விலைக்கு வாங்கிக் கழற்றி எடுத்துப்போக யோசித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், புதிதாக ஒன்று கட்டுவதே மலிவு! அப்படி 1976-ல் பிறந்ததுதான் 'டெக்சாஸ் சைக்ளோன்'. அசலின் கண்ணாடிப் பிம்பம். அசலைவிடக் கொஞ்சம் உயரம்கூட. அதன் வெற்றியைப் பார்த்து, 1990-ல் ஜார்ஜியாவில் ஒரு சைக்ளோன், 1991-ல் கலிபோர்னியாவில் 'சைக்க்ளோன்' என்று குட்டிகள் கிளம்பின. 'அந்தக் கால கோனி ஐலண்டை உங்கள் ஊரிலேயே அனுபவியுங்கள்' என்பதுதான் இவற்றில் விற்ற சரக்கு.

ஹூஸ்டன் பூங்கா 2005-ல் மூடப்பட்டது. டெக்சாஸ் சைக்ளோன் அடுத்த ஆண்டு தரைமட்டம். கலிபோர்னியாக்காரர் 2007-ல் காலி. ஜார்ஜியாக்காரரின் மரத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரும்புத் தண்டவாளம் போட்டு 2018-ல் வேறு பெயரில் விட்டார்கள். 'கழற்றி எடுத்துப்போகலாமா?' என்று விலை பேசப்பட்ட கிழவன் மட்டும் அதே முனையில் நிற்கிறான்!

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டுத் தண்டர்போல்ட்டுக்கு நடந்ததைப் பார்த்தால் புரியும். 1925-ல் கட்டப்பட்ட அந்தக் கோஸ்டரின் அடிவயிற்றில் ஒரு வீடு இருந்தது. அங்கே ஏற்கெனவே நின்ற சின்ன ஹோட்டல் கட்டடத்தின் தலைக்கு மேலேயே தண்டவாளத்தைக் கொண்டுபோயிருந்தார்கள். ரயில் போகும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரங்கள் ஆட, ஒரு குடும்பம் அதில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. உடி ஆலனின் 'ஆனி ஹால்' படத்தில் கதாநாயகன் வளர்ந்த வீடாக வருவது இதுதான். 1980-களில் ஓட்டம் நின்றது. செடி கொடி படர்ந்து அப்படியே நின்ற தண்டர்போல்ட்டை, ஆபத்தான கட்டுமானம் என்று சொல்லி 2000 நவம்பரில் நகர நிர்வாகம் இடித்துவிட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, இடித்தது நியாயமில்லை என்றது ஜூரி. இடித்தது இடித்ததுதானே!

இன்று கோனி ஐலண்டுக்குப் போனால் தண்டர்போல்ட்டில் ஏறலாம். குழப்பமாக இருக்கிறதா? 2014-ல் அதே பெயரில், 115 அடி உயரத்தில், செங்குத்தாக விழும் இரும்புக் கோஸ்டர் ஒன்று வந்துவிட்டது. பெயரைத் தவிர பழையதோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை நடத்தும் 'லூனா பார்க்' பெயரும் பழைய பெயர்தான். 1903-ல் மின்விளக்கு அலங்காரத்தால் உலகையே வாய்பிளக்க வைத்த லூனா பார்க், 1944-ல் தீயில் அழிந்தது. அது இருந்தது தெருவுக்கு எதிர்ப்பக்கம். 2010-ல் திறந்த புதிய பூங்கா, பழைய வாசல் வளைவின் சாயலில் ஒரு நுழைவாயிலைக் கட்டிக்கொண்டது. செல்ஃபி எடுக்க அருமையான இடம். குழந்தைகளோடு போகிற குடும்பங்களுக்கு நல்ல பொழுதுபோக்கும்கூட. ஆனால், அங்கே விற்கப்படும் 'பழைய நினைவு'களில் எது அசல், எது பெயர்ப் பலகை என்று தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது.

சைக்ளோனை மட்டும் அப்படி இடித்துவிட்டுப் பெயரை எடுத்துக்கொள்ள முடியாது. 1988-ல் நியூயார்க் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 1991 ஜூன் 26-ல், 64-வது பிறந்தநாள் அன்று, அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலிலும் சேர்ந்தது. 2008-ல் ஆஸ்ட்ரோலேண்ட் மூடப்பட்டபோதும் சைக்ளோன் தப்பியதில் இந்த அந்தஸ்துக்குப் பங்கு உண்டு. இப்போது ஓட்டுவது லூனா பார்க்.

சட்டம் இடிக்காமல் காக்கும். ஓடவைப்பது வேறு வேலை. கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுக்கும். சீசன் முடிந்து குளிர்காலம் வந்ததும் பலகைகளை மாற்றும் வேலை தொடங்கும். 1927-ம் வருடத்துப் பலகையைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆனால் வளைவும் பள்ளமும் அன்று வெர்னன் கீனன் வரைந்தவைதான். 2024 ஆகஸ்டில் ஒரு நாள், ரயில் ஏற்றத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது. பயணிகளை நடத்திக் கீழே இறக்கினார்கள். சோதித்தால், சங்கிலியைச் சுற்றும் பற்சக்கரத்தில் விரிசல். இந்த வயது இயந்திரத்துக்கு உதிரி பாகம் கடையில் போய் வாங்குகிற சமாசாரமா? சரிசெய்து மீண்டும் ஓடவிட நாள் பிடித்தது.

இந்தக் கோஸ்டரைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பேச்சிழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் 1948-ல் சைக்ளோனில் ஏறினாராம். முதல் பள்ளத்தில் அலறினாராம். இறங்கியதும் பல வருடங்களுக்குப் பிறகு வாய்திறந்து, குமட்டுகிறது என்றாராம். உண்மையோ இல்லையோ, ஏறி இறங்கிய யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

ஆரம்பத்தில் கட்டணம் 25 சென்ட். இன்று அந்தக் காசுக்கு அங்கே ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது. வசந்தகாலத்தில் திறந்தால், குளிர் கடிக்கத் தொடங்கும் வரை ஓடும். வேடிக்கை பார்க்க மட்டும் போகிறவர்கள், பிளாட்பாரத்தின் ஓரத்தில் இருக்கும் நீளமான கைப்பிடிகளைக் கவனிக்கலாம். அவைதான் பிரேக். பெட்டிகள் தடதடவென்று திரும்பி வரும்போது, ஊழியர் அதை உடம்பின் பலமெல்லாம் சேர்த்து இழுப்பார். ரயில் முனகிக்கொண்டு நிற்கும். பாதிப்பேர் தள்ளாடி இறங்குவார்கள். சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். இன்னொரு ரவுண்டுக்குப் பணத்தை எடுத்து நீட்டுவார்கள்.