மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களுக்கு

நாங்கள் வேலை செய்யும் காலனிகளில் கர்ப்பிணிகளிடம் ரத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று கேட்கிறார்கள். தூக்கம் வருகிறதா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்பது அபூர்வம். "கூலிக்குப் போறவளுக்கு என்ன டிப்ரஷன்?" என்பதுதான் பொதுப்புத்தி. நம் பெண்களின் உடல் வலிக்கே மதிப்பில்லாத இடத்தில் மனவலியை யார் எண்ணப்போகிறார்கள்?

ஆனால், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் பெண் கருவுற்றால் எல்லோரும் மருத்துவராகிவிடுகிறார்கள். எங்களிடம் ஐந்தாம் மாதத்தில் வந்த ஒரு தங்கையிடம், ஒரு மருத்துவமனையில் பழைய சீட்டைக்கூடப் படிக்காமல் "உடனே நிறுத்து" என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்தினாள். மூன்றே வாரத்தில் சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட்டாள். மனநல மருத்துவரிடம் அழைத்துப்போய், மருந்தை மீண்டும் தொடங்கிய பிறகே மெல்லத் தேறினாள்.

ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பராக்செட்டின் மருந்தை முதல் மூன்று மாதங்களில் எடுத்தால் குழந்தைக்கு இதயக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடலாம் என்று 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளைக் கடைசி மாதங்களில் எடுத்தால், பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10-க்கு 3 பேருக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிப்பதில் சிரமம் வரலாம். பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். நுரையீரல் ரத்த அழுத்தம் பொதுவாகவே 1000 குழந்தைகளில் 1 அல்லது 2 பேருக்கு வருவது. இம்மருந்துகளால் அது சற்றே கூடலாம்.

நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பகாலத்தில் மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு குறைப்பிரசவத்துக்கும், எடை குறைந்த குழந்தைக்கும், சில நேரம் தாயின் தற்கொலைக்கும் காரணமாகிறது.

மாத்திரை சாதியை ஒழிக்காது, கூலியைக் கூட்டாது, குடித்துவிட்டு அடிக்கும் கணவனைத் திருத்தாது. இவற்றை எதிர்த்து நாம் போராடத்தான் வேண்டும். அதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

தோழர்களே, களத்துக்குப் போகும்போது இதைச் சொல்லுங்கள்: மருத்துவரைக் கேட்காமல் மருந்தைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவர்தான் மாற்ற வேண்டும். பிரசவத்துக்குப் போகும் இடத்தில் மருந்தின் பெயரை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்; குழந்தையை முதல் சில நாட்கள் கவனித்துப் பார்ப்பார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ், கட்டணம் இல்லை. அலட்சியமாகப் பேசி அனுப்பினால், அவளோடு நீங்களும் போய் உட்காருங்கள்.