பெருநாள் ஷிப்டில் இருந்தவர்களுக்கு நன்றி



தம்பியைப் பற்றி தினமும் விசாரிக்கிறீங்க. தனித்தனியா பதில் சொல்ல முடியல. அதனால குடும்பத்தின் சார்பில் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கோயில் உறுமி மேளத்தில் முன்வரிசையில் நிற்பாரே, அவர்தான் எங்கள் கடைசித் தம்பி. லோரி ஓட்டுநர், வயது 44. தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் கால் மரத்துப் போகுதுன்னு சொன்னார். அதுக்கு முன்னால வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. மறுநாள் படி ஏற முடியல. அடுத்த நாள் கை தூக்க முடியல. மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் மூச்சும் தளர்ந்து, ஐ.சி.யூ.வில் சுவாச மிஷின் வைத்தார்கள்.

டாக்டர் சொன்ன பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்து போன சில வாரத்தில் வரலாம். அபூர்வம்தான். ஆனாலும் காலில் தொடங்கிய பலவீனம் மேலே மேலே ஏறினால், களைப்புன்னு விட்டுடாதீங்க. உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்க.

ஐந்து நாள் தொடர்ந்து இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து ஏற்றினார்கள். அது எதிலிருந்து வருதுன்னு கேட்டோம். ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கிறார்களாம். ஒரு தடவை தயாரிக்க ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்க்க வேண்டுமாம். எந்த ஊரோ, எந்த இனமோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவங்களோ. அத்தனை பேரும் அந்தச் சின்ன பாட்டிலில் இருந்தாங்க. அம்மா அதைக் கேட்டுட்டு, பாட்டிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

தொண்டையில் குழாய் இருந்ததால் தம்பிக்குப் பேச்சு இல்லை. கண் மட்டும்தான் அசையும். தமிழ் எழுத்து 247, எதைன்னு காட்டுறது? மகள் ஓர் அட்டையில் ரூமி எழுத்து 26-ஐயும் எழுதி, ஒவ்வொண்ணா விரலால் தொட்டுக் காட்டினாள். சரியான எழுத்து வந்தால் கண் சிமிட்டணும். முதலில் அவர் கூட்டிய சொல் 'பானாஸ்'. வேர்க்குதாம்! எங்களை விட வேகமா மிஸ்ஸிக்குத்தான் புரிந்தது. ஓடிப்போய் போர்வையை எடுத்துவிட்டாங்க. அதுக்குத்தான் மலாயில் சொல்லியிருக்கார். படுக்கையிலும் புத்தி வேலை செய்யுது என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தோம்.

இப்போது அந்தக் குழாய் எடுத்தாச்சு. சாதாரண வார்டுக்கு மாறியாச்சு. மூன்றாம் வகுப்பு வார்டு, நாளுக்கு 3 ரிங்கிட். அந்த 3 ரிங்கிட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்க வேலை தொழிற்சாலையில். சூப்பர்வைசரா 20 வருஷத்துக்கு மேல ஷிப்ட் அட்டவணை போட்ட கை இது. பெருநாள் அன்றைக்கு வேலைக்கு வர்றவங்க முகம் எப்படி இருக்கும்னு நல்லாத் தெரியும். தம்பி வார்டில் சபாவைச் சேர்ந்த ஒரு மிஸ்ஸி, கிறிஸ்துவர். விமான டிக்கெட் விலைக்கு ஊருக்குப் போக முடியல. 24-ஆம் தேதி மதிய ஷிப்ட், 25 காலை மறுபடியும் ஷிப்ட். 24 இரவு ஒரு மலாய் மிஸ்ஸி இரண்டு மணி நேரம் முன்னாடியே வந்து, "நீ சர்ச்சுக்குப் போ" என்று அனுப்பி வைத்தாங்க. தீபாவளிக்கு இவங்க ரெண்டு பேரும்தான் நம்ம பிள்ளைகளுக்காக நின்னாங்களாம்.

25-ஆம் தேதி, மருத்துவமனையில் 42-வது நாள். மார்கழி பூஜை முடித்து, கோயில் மடப்பள்ளி அக்காமார் கட்டிக் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வார்டுக்குக் கொண்டு போனோம். அந்த மிஸ்ஸி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கட்டில் கம்பியில் டக் டக்கென்று சத்தம். கூப்பிடுறார்னு நினைச்சு ஓடி வந்தாங்க. கூப்பிடல. வலது கை இரண்டு விரலால் தாளம் போட்டுக்கிட்டிருந்தார். மெதுவாத்தான், இடையில் விட்டு விட்டு. எங்களுக்கு அது எந்த அடின்னு தெரியும். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கிட்டாங்க.

நடக்க இன்னும் மாதங்கள் ஆகும் என்கிறார் பிசியோ. தைப்பூசத்துக்கு உறுமி தூக்க மாட்டார். அதைச் சொல்லிடறோம், யாரும் அவரிடம் கேட்காதீங்க.

முருகனுக்கு நேர்ந்த பால்குடத்தைத் தைப்பூசத்தில் எடுத்துடுவோம். ஆனா அந்த ஆயிரம் பேரை எங்கே தேடி நன்றி சொல்றது? அதனால இப்படி முடிவு பண்ணியிருக்கோம். ஜனவரியில் நம்ம மண்டபத்தில் நடக்கும் ரத்த தான முகாமில் எங்க குடும்பத்தில் கொடுக்க முடிந்த அத்தனை பேரும் கொடுக்கிறோம். 18 வயதுக்கு மேல் 60-க்குள், 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் நீங்களும் வாங்க. நல்லாத் தூங்கி, சாப்பிட்டு, ஐசி எடுத்து வாங்க. தொழிற்சாலையிலும் அடுத்த கிறிஸ்துமஸ் ஷிப்டுக்கு எங்க பெயரை முதலில் எழுதியாச்சு.

வார்டுக்கு வர்றவங்க தம்பிக்குப் பழம் வாங்க வேண்டாம், இன்னும் முழுங்கச் சிரமம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு வாங்க, போதும்.

முருகன் துணை.