காற்றுக்கும் காசு உண்டு

எங்கள் தெருமுனையில் ஒரு பஞ்சர் கடை. டயருக்குக் காற்றடிக்க ஐந்து ரூபாய். 'வெறும் காத்துக்கு அஞ்சு ரூபாயா?' என்று தினம் யாராவது சண்டை பிடிப்பார்கள்.

போன வாரம் கடைக்காரர் தன் மகனை வீட்டுக்கு அழைத்து வந்தார். பையன் பாலிடெக்னிக் கடைசி வருஷம். பழைய மொபெட்டில் பெட்ரோல் டாங்கைக் கழற்றிவிட்டு, காற்று சிலிண்டர் பொருத்தி, கிரவுண்டில் ஓட்டிக் காட்டியிருக்கிறான். பரிசு, கைதட்டல். இனி தயாரித்து விற்கலாமாம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கக்கூடத் தயார்.

"புகை கிடையாது, பெட்ரோல் கிடையாது. நீங்க சரின்னா இறங்கிடுவான் சார்" என்றார்.

இந்த மாதிரிப் பொறுப்பென்றால் நான் நழுவிவிடுவேன். ஆனால் சங்கிலி உறுத்தியது.

"யோசனை புதுசில்லை தம்பி" என்று ஆரம்பித்தேன். பிரான்சில் நான்த் நகரில் 1879-லேயே காற்றில் ட்ராம் ஓடியது. மெகார்ஸ்கி என்பவரின் ஏற்பாடு. 1917 வரை ஓடி ஓய்ந்தது. பிறகு அதே பிரான்சில் கீ நெக்ர், பார்முலா ஒன் எஞ்சின் வடிவமைத்தவர், காற்று கார் செய்யக் கிளம்பினார். 2007-ல் டாடா மோட்டார்ஸ் அவருடைய எம்.டி.ஐ. கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டபோது நானும் குதித்தேன். நண்பர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினேன். இரண்டு வண்டிகளில் சோதித்தாயிற்று, முதல் கட்டம் முடிந்தது என்று 2012-ல் அறிவித்தார்கள். ஷோரூமுக்கு மட்டும் வரவில்லை. 2020-ல் அதே டாடா விற்பனைக்கு விட்ட நெக்ஸான் மின்சாரக் காரில் இருந்தது 30.2 யூனிட் கொள்ளும் பாட்டரி.

"ஏன் சார்?"

பேப்பரில் கணக்குப் போட்டோம். 300 லிட்டர் தொட்டி. அதில் சாதாரணக் காற்றைப்போல் 300 மடங்கு அழுத்தம். கொஞ்சமும் வீணாகாமல் எடுத்தால்கூட சுமார் 14 யூனிட். அதாவது, ஒன்றரை லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தி.

பையன் விடவில்லை. "பெட்ரோல் எஞ்சினும் முக்கால்வாசியைச் சூடா வீணாக்குதே?"

நல்ல கேள்வி. ஆனால் காற்றும் லேசுப்பட்டதல்ல. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப்பின் அடி சுடுகிறதே, அது நம் உழைப்பு வெளியே போவது. திரும்ப விரியும்போது காற்று குளிர்ந்து, தள்ளுகிற வலுவை இழக்கும். அதிலுள்ள ஈரம் உறைந்து குழாயை அடைக்கும். மெகார்ஸ்கி இதற்காகவே வெந்நீர்த் தொட்டி வைத்து, காற்றை அதன் வழியாக விட்டுச் சூடாக்கினார்.

"ஆமா சார், நாலு ரவுண்டுல குழாய் ஜில்லுனு ஆயிடுச்சு!"

இறுக்கிய காற்று எரிபொருள் இல்லை, உண்டியல். போட்டதைத்தான் எடுக்கலாம். இந்த உண்டியலோ போடும்போதும் கமிஷன் பிடிக்கும், எடுக்கும்போதும் பிடிக்கும்.

பையன் முகம் வாடிவிட்டது. "காத்து உதவாதுன்னு சொல்லலை. பஸ் பிரேக்கும் பல் டாக்டர் டிரில்லும் அதுதான். தீப்பொறி ஆகாத சுரங்கங்கள்ல காத்து எஞ்சின் ஓடியிருக்கு. கிட்ட தூரம், பொறி கூடாது, அப்படி இடமாப் பாரு. ஆனா சிலிண்டரை மட்டும் நீயா வெல்டிங் வைக்காதே. வெடிச்சா குண்டு" என்றேன்.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா சிரித்தார். "கம்ப்ரசருக்கு மாசாமாசம் கரண்ட் பில் கட்டறவன் நான். எனக்கே தோணலை பாருங்க!"

சங்கிலி தப்பியது.

நேற்று ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கப் போனேன். பையன் கம்ப்ரசரின் தலையருகே கையைக் காட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தச் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்க முடிஞ்சா சார்?"

ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையைக் குடைந்துகொள்ளும் கேள்வியே அதுதான். பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு டயருக்கும் பத்து ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.